ஒரே எழுத்து மீண்டும் மீண்டும்

சில மாதங்களாக என் நோய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. குணமாகவில்லை, மோசமாகவும் ஆகவில்லை. இப்படியொரு இடைவெளி கிடைத்தால் வீணாக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையால் எழுதினால் எனக்கே படிக்க வராது என்பதால் கணினியில் தட்டுகிறேன். ஓர் எழுத்தை இரண்டு முறை அழுத்திவிட்டு அழிப்பதில்தான் பாதி நேரம் போகிறது. இதே நோயோடு யாரோ ஒருவர் ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் துணையில்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தனலட்சுமி. ஊர் கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம். மலையை விட்டு இறங்கி, விடுதிகளில் தங்கிப் படித்து, உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, சென்னையில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஆய்வகம் என்றால் குடுவைகளும் நுண்ணோக்கியும் இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்தவை கணினிகளும், அவற்றுக்காகவே ஓடிய ஒரு ஏசியும்தான்.

என் வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவது புரிய அது தேவை.

புரதம் என்பது நீளமான ஒரு மணிச்சரம். மணிகளில் இருபது வகை. அவற்றை அமினோ அமிலங்கள் என்கிறோம். ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. ஆகவே ஒரு புரதத்தை முடிவில்லாத ஒரு சொல்லைப்போல எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்ட சரங்கள் ஆயிரக்கணக்கில் எங்கள் கணினியில் இருந்தன. பெரும்பாலான சரங்களில் இந்த எழுத்துகள் வழக்கமான ஒரு கலவையில் வரும். சிலவற்றில் மட்டும் ஏதோ ஓரிடத்தில் ஒரே எழுத்து அளவுக்கு மீறிக் குவிந்துகிடக்கும். நான் எழுதிய நிரல் ஒவ்வொரு சரத்தின் மேலும் ஒரு சின்னச் சன்னலை நகர்த்திக்கொண்டே போகும். சன்னலுக்குள் எந்த எழுத்து எத்தனை என்று எண்ணி, வழக்கத்துக்கு மாறாக இருந்தால் குறித்துவைக்கும். 

மற்ற ஆய்வாளர்கள் இரண்டு புரதங்களை ஒப்பிடும்போது இந்தக் குவியல்களை எக்ஸ் போட்டு மறைத்துவிடுவார்கள். தேடலைக் குழப்பும் இரைச்சல் அது என்பார்கள். அந்த இரைச்சலை மட்டும் பார்ப்பது என் வேலை. ஆராய்ச்சி வழிகாட்டி கொடுத்த தலைப்பு, நானாகத் தேர்ந்தெடுத்ததல்ல. பேச்சுத் துணை தேவைப்படாத வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதலில் பிசகியவை விரல்கள். நிரலில் ஓர் அடைப்புக்குறி போட்டால் இரண்டு விழுந்தது. கண் கோளாறு என்று கண்ணாடி மாற்றினேன். பிறகு படிக்கட்டு. ஏறுவதில் சிரமமில்லை, இறங்கும்போது அடுத்த படி நான் நினைத்த இடத்தில் இல்லை. ஒருநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப்போய், பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டபோது வார்த்தைகள் குழைந்து வந்தன. அவர் என் முகத்தருகே லேசாகக் குனிந்து மோந்து பார்த்தார். எதற்கு மோந்தார் என்று இறங்கும்போதுதான் புரிந்தது. அந்த வாரமே மருத்துவமனைக்குப் போனேன்.

நரம்பியல் பிரிவின் வெளிநோயாளிகள் கூடத்தில் எல்லாருடனும் ஒருவர் இருந்தார். கோப்பைப் பிடிக்க ஒருவர், தண்ணீர் வாங்கிவர ஒருவர். நான் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பினால் என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். என் பெயரைக் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்.

டாக்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். தரையில் ஒரு கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்களைத் தொடுகிற மாதிரி அதன்மேல் நடக்கச் சொன்னார். சிறுவயதில் வயல் வரப்பில் ஓடியவள் நான். அந்தக் கோட்டில் கொஞ்ச தூரத்திலேயே சாய்ந்துவிட்டேன். அவர் பிடித்துக்கொண்டார். என் மூக்கையும் அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். விரலை நெருங்க நெருங்க என் கை நடுங்கியது. கண்ணை மட்டும் திருப்பி இடமும் வலமும் பார்க்கச் சொன்னார். பிறகு, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை டாக்டர்."

"அட்மிட் ஆகணும்மா. யாரையாவது வரச் சொல்லுங்க."

பெண்கள் வார்டில் படுக்கை கிடைத்தது. அடுத்த கட்டிலில் பக்கவாதம் வந்த ஒரு முதியவளும், அவளைப் பார்த்துக்கொள்ள வந்த மருமகள் பாக்கியமும் இருந்தார்கள். திண்டிவனம் பக்கத்துக்காரர்கள். என்னுடன் யாருமில்லை என்று தெரிந்ததும் பாக்கியம் எதுவும் கேட்காமல் என் சொம்பிலும் வெந்நீர் பிடித்து வந்தாள். கை நடுக்கத்தில் எனக்குச் சடை பின்ன வரவில்லை. மாமியாருக்குத் தலைவாரி முடித்துவிட்டு, அதே சீப்போடு என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். யாரோ என் தலையைத் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவள் பின்னி முடிக்கும்வரை நான் திரும்பவே இல்லை, அழுவது தெரிந்துவிடும் என்று.

பரிசோதனைகள் நடந்தன. தைராய்டு, வைட்டமின் குறைபாடு, உடம்பில் செம்பு சேர்கிற ஒரு நோய் என்று, மருந்தால் சரிசெய்யக்கூடியவற்றை முதலில் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஒவ்வொன்றும் இல்லை என்று வந்தது. நல்ல செய்தி என்று நர்ஸ் சொன்னார். மருந்துள்ள நோய்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன என்பது எனக்குப் புரிந்திருந்தது. எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் பிடிப்பது, வலிக்காது. ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து அசையாதே என்பார்கள். உள்ளே யாரோ தகரத்தைத் தட்டுவது போன்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் படத்தில் சிறுமூளை சற்றுச் சுருங்கியிருந்தது. பிடரிக்குள் இருக்கும் அந்தப் பகுதிதான் நம் அசைவுகளை ஒழுங்குபடுத்துகிறது. நடப்பது, எழுதுவது, பேசுவது, விழுங்குவது எல்லாம் அதன் பொறுப்பு.

அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்.

"அப்பா எப்படி இறந்தார்?"

"சாப்பிடும்போது அடிக்கடி புரையேறும். ஒருதடவை அப்படியே சளி கட்டி, காய்ச்சல் வந்து போயிட்டார்."

"அதுக்கு முன்னாடி நடை எப்படி இருந்தது?"

"தள்ளாடுவார். பேச்சும் குழறும்."

"குடிப்பாரா?"

"குடிக்கறார்னு ஊர்ல சொல்லுவாங்க. கிடையவே கிடையாதுன்னு அம்மா சொல்லும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்பா வழியில வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

"அவரோட அக்காவுக்கு. அவங்களுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க."

அன்றே ரத்தம் எடுத்தார்கள். மரபணுப் பரிசோதனை, வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் போகும், முடிவு வரப் பல வாரமாகும் என்றார்கள். என்ன நோயைத் தேடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆம்பிளைக்குக் குடி, பொம்பிளைக்குப் பேய் என்று ஊர் பெயர் வைத்திருந்த ஒன்றுக்கு இவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள் என்று மட்டும் தோன்றியது.

நான் சொல்லியனுப்பியிருந்ததால் அடுத்த நாள் அண்ணன் வந்தான். பெரியசாமி, எனக்கு ஒரே கூடப்பிறந்தவன். செம்மேட்டில் பஸ் ஏறி, நாமக்கல், சேலம் என்று மாறி மாறி வந்திருந்தான். பெண்கள் வார்டில் ஆண்களை நேரத்துக்குத்தான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து வார்டு முழுக்கக் கொடுத்துவிட்டு, கடைசியில் எனக்கு ஒன்றை உரித்துத் தந்தான்.

"என்ன பாப்பா இப்படி இளைச்சுட்ட? ஆஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லியா?"

"போடறாங்கண்ணா."

"அம்மாவும் வாரேன்னுச்சு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். இந்த ஊர்ல ரோட்டைத் தாண்டறதுக்குள்ள எனக்கே உசுரு போயி உசுரு வருது."

மருத்துவமனைச் செலவை அவன் கட்டினான். எங்கிருந்து எடுத்தான் என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் என்னை அனுப்பிவைத்ததும், நான் தங்கியிருந்த விடுதி வாசலில் விட்டுவிட்டு ஊருக்குப் போனான். காத்திருந்த அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலைக்குப் போனேன். ஆய்வகத்தில் எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். நான் எழுந்தால் அவர்களும் பாதி எழுந்தார்கள். பேசிக்கொண்டிருக்கையில் நான் வந்தால் பேச்சு நின்றது.

முடிவு வந்த அன்று தனியாகத்தான் போனேன். யாரையும் அழைத்து வராததற்கு டாக்டர் வருத்தப்பட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதில் வரிசையாகச் சின்ன வட்டங்கள் போட ஆரம்பித்தார்.

"நம்ம உடம்புல புரதம்னு ஒண்ணு இருக்கும்மா. அது ஒரு மணிமாலை மாதிரி. அதுல குளூட்டமின்னு ஒரு மணி..."

"எத்தனை டாக்டர்?"

"என்ன எத்தனை?"

"எனக்கு எத்தனை குளூட்டமின்?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. வட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐம்பத்து நாலு," என்றார். "நீங்க என்ன வேலை பாக்கறதா சொன்னீங்க?"

சொன்னேன். அவர் அதற்குமேல் வட்டம் போடவில்லை. படித்துச் சொல்லிப் பழகிய வாக்கியங்களெல்லாம் அவருக்குத் தேவையற்றுப் போய்விட்டன. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும், நான் ஒன்றும் தெரியாதவளாகவே உட்கார்ந்து கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். தெரியாதவளுக்குச் சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது. தெரிந்தவளிடம் பேச ஒன்றுமில்லை.

சிறுமூளைத் தள்ளாட்டம், பரம்பரையாக வருவது. அதில் பல வகை உண்டு, எனக்கு வந்தது முதல் வகை. ஒரு குறிப்பிட்ட புரதத்தில் குளூட்டமின் என்ற மணி வரிசையாக எல்லாருக்குமே இருக்கும், முப்பது சொச்சம் வரை தொந்தரவில்லை. அது நீண்டுபோனால் புரதம் சரியாக மடியாமல் நரம்பணுக்களில் சேர்ந்து, மெல்ல மெல்ல அவற்றைக் கெடுக்கிறது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும்போது சங்கிலி இன்னும் கொஞ்சம் நீண்டுவிடுவதுண்டு. அப்பாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது எனக்கு முப்பது வயதுக்குள் வந்ததற்கு அதுவே காரணம். மருந்து இல்லை. உடற்பயிற்சியும், விழாமல் பார்த்துக்கொள்வதும், விழுங்கும்போது கவனமும்தான் சிகிச்சை.

"வேற எதாவது கேக்கணுமா தனலட்சுமி?"

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கான் டாக்டர். அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க."

அவர் தலையசைத்தார். அதற்கும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மருத்துவமனையிலிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போனேன். என் நிரல் போன வருடம் கொடுத்த விடைகளைத் திறந்து அந்தப் புரதத்தின் பெயரைத் தேடினேன். இருந்தது. ஈஸ்ட்டிலும் ஈயிலும் மனிதனிலும் கண்டெடுத்த எத்தனையோ குவியல்களுக்கு நடுவில், குளூட்டமினைக் குறிக்கும் க்யூ என்ற எழுத்து வரிசையாக ஓடும் ஒரு வரி. அதை நான் எத்தனை முறை கடந்து போயிருப்பேனோ. பொதுத் தரவில் இருந்த அது யாரோ ஓர் ஆரோக்கியமான மனிதருடையது. அதில் க்யூக்களுக்கு நடுவே ஹெச், க்யூ, ஹெச் என்று, ஹிஸ்டிடின் எனும் வேறு மணி இரண்டு குறுக்கே நின்றன. சரம் நீளாமல் காப்பது அந்தக் குறுக்கீடுதான் என்கிறார்கள். என் நிரல் அந்த ஆரோக்கியமான சரத்தையும் வழக்கத்துக்கு மாறானது என்றே குறித்திருந்தது. அந்தக் கணக்குப்படி மனிதர் எல்லாருமே மாறானவர்கள். நான் அதில் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டவள், அவ்வளவுதான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிவிட்டு விடுதிக்குப் போனேன்.

ஊருக்குப் போனது மிளகு பறிக்கிற சமயம். அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்குத் தலை சுற்றியது. முன்பெல்லாம் இதே பாதையில் நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறேன். நான் தோட்டத்தில் நுழைந்தபோது அண்ணன் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், ஒற்றை மூங்கில் ஏணியின்மேல் நின்று, கொடியிலிருந்து மிளகுச் சரங்களை உருவிக்கொண்டிருந்தான். அவன் இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இறங்கி முகம் துடைத்தபின் எல்லாவற்றையும் சொன்னேன். அறிவியலைச் சுருக்கிவிட்டேன்.

அவன் மிளகுக் கூடையை இடம் மாற்றி வைத்தான். "எனக்கும் வருமா பாப்பா?"

"தெரியாதுண்ணா. காசு சுண்டிப்போட்ட மாதிரி. பூவா தலையா."

"புள்ளைங்களுக்கு?"

"உனக்கு இருந்தா அவங்களுக்கும் அதே பூவா தலையா. உனக்கு இல்லீன்னா அவங்களுக்கு வரவே வராது. அத்தோட நின்னுபோயிரும்."

"பாத்தாத் தெரியுமா?"

"ரத்தம் குடுத்தாத் தெரியும். ஆனா கட்டாயமில்ல. தெரிஞ்சுக்கறதும் வேண்டாங்கறதும் உன்னோட இஷ்டம்."

அவன் ஏணியை அண்ணாந்து பார்த்தான். அன்று மறுபடி ஏறவில்லை.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டது. மகளுக்கு மருந்தில்லாத நோய் என்பதை வாங்கிக்கொள்ள அதற்கு நேரம் பிடித்தது. விறகை உள்ளே தள்ளிக்கொண்டே கேட்டது:

"அப்ப உங்கப்பன் குடிக்கலீன்னு அந்த டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சும்மா."

"எழுதிக் குடுக்குமா கண்ணு?"

"யாருக்கும்மா?"

அம்மா குனிந்து அடுப்பை ஊதியது. யாரிடம் காட்டுவது? அப்பாவைச் சொன்னவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. சாப்பாட்டு நேரத்தில் என் தட்டை வாங்கி, சோற்றை ரசம் விட்டுக் குழையக் குழையப் பிசைந்து, மரவள்ளிக்கிழங்கை நார் எடுத்து மசித்து வைத்தது. எனக்கு இன்னும் புரையேற ஆரம்பிக்கவில்லை. அதை நான் சொல்லவும் இல்லை. அப்பாவுக்கு எப்படிப் பிசைய வேண்டியிருந்ததோ அப்படியே அதன் கை பிசைந்தது. மருத்துவமனையில் எந்தப் படத்தைப் பார்த்தும் வராத பயம் அந்தத் தட்டைப் பார்த்தபோது வந்தது. முழுதும் சாப்பிட்டேன்.

ரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்று அண்ணன் மாதக்கணக்கில் சொல்லவில்லை. மரம் ஏற ஆள் வைத்துவிட்டான் என்று அண்ணி நல்லம்மா போனில் சொன்னாள். "ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறாருங்க. கேட்டா ஒண்ணுமில்லீங்கறாரு," என்றாள். அப்புறம் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் என் விடுதி வாசலில் நின்றான்.

"எடுத்துப் பாத்துரலாம் பாப்பா. ஏணியில காலு வெச்சாலே நடுங்குது. பயத்துல நடுங்குதா, அந்த நோவுல நடுங்குதான்னு தெரியமாட்டேங்குது."

டாக்டர் அவனை ஒருமுறைக்கு இருமுறை உட்கார வைத்துப் பேசினார். நீங்களாகத்தான் வந்தீர்களா, யாரும் வற்புறுத்தவில்லையே என்று கேட்டார். "நானாத்தானுங்க வந்தேன்," என்றான். வேண்டாம் என்று தோன்றினால் கடைசி நிமிடத்தில்கூடச் சொல்லலாம் என்றார். "சரிங்க," என்றான்.

முடிவு சொல்கிற அன்று அவனை மட்டும் உள்ளே அழைத்தார்கள். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மூடியிருந்தது. அவனுக்கு இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன், முழு மனதோடுதான். ஆனாலும் ஒரு கணம், இருந்துவிட்டால் நான் தனியாள் இல்லையே என்றும் ஒரு நினைப்பு ஓடிற்று. வந்த வேகத்தில் போய்விட்டது. இப்படி ஒரு நினைப்பு உங்களுக்கும் வரலாம், பயந்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அண்ணன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அவன் முதுகில் கைவைத்தேன்.

"இல்லியாம் பாப்பா," என்றான் துண்டுக்குள்ளிருந்தே. "எனக்கு இல்லியாம்."

"அப்புறம் எதுக்குண்ணா அழுவற?"

"உன்னை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சிரிப்பேன்?"

அவன் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துவிட்டேன். "மொதல்ல ஊட்டுக்குப் போன் பண்ணு," என்றேன். அண்ணியும் அம்மாவும் செம்மேட்டில் ஒரு கடையில் போனருகே காலையிலிருந்து காத்திருந்தார்கள்.

மருத்துவமனை வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் அவன் நுழைந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இல்லியாம் நல்லம்மா," என்று அண்ணியிடம் சொன்னான். "புள்ளைங்களுக்கும் வராதாம். ஒண்ணும் வராதாம். அழுவாத, கடையில ஆளுங்க இருப்பாங்க." அந்தப் பக்கம் அம்மா போனை வாங்கிப் பேசுவதைக் கேட்டான். "பக்கத்துலதாம்மா நிக்குது," என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

கை நடுங்கியதால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா போனில் எப்போதும் கத்திப் பேசும். அன்று மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா," என்றேன்.

"ஏங்கண்ணு," என்றது. அப்புறம் மெதுவாக, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில், "அவனுக்கு இல்லீங்கறான். நான் சந்தோசப்படலாமா சாமி?" என்று கேட்டது.

"படும்மா," என்றேன். நாக்கு குழறிவிடக் கூடாது என்று நிறுத்தி, இன்னொரு முறை தெளிவாகச் சொன்னேன். "சந்தோசப்படும்மா."